எண்ணெய் லாபம் ஜாம்நகருக்கு, ஐம்பது விழுக்காடு வரி திருப்பூருக்கு

2025 செப்டம்பர் முதல் வாரத்தில் நம் தோழர்கள் பலருடைய முகநூல் பக்கங்களில் ஒரு வெள்ளைக்காரர் திடீரென நாயகனானார். டிரம்பின் வணிக ஆலோசகர் பீட்டர் நவரோ. ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவதைக் கண்டித்து ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் பேசியவர், இந்திய மக்களின் செலவில் பிராமணர்கள் லாபம் அடிக்கிறார்கள் என்றார். போதாதா? வெள்ளை மாளிகைக்கே விளங்கிவிட்டது என்று மீம்கள் பறந்தன. எதிர்ப்பக்கம், அவர் சாதியைச் சொல்லவில்லை, பாஸ்டன் நகரத்துப் பழைய பணக்காரக் குடும்பங்களைக் குறிக்கும் ஆங்கில வழக்கைத்தான் சொன்னார் என்று அகராதியோடு ஓடி வந்தார்கள். (வேறு எந்தச் சாதிப் பெயருக்கும் இவ்வளவு பேர் அகராதி புரட்டி நான் பார்த்ததில்லை.)

நவரோ எந்தப் பொருளில் சொன்னால் எனக்கென்ன? அவர் ஓங்கிய கை யார் முதுகில் விழுந்தது என்று பார்ப்போம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுப்பதற்கு முன், நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு சுமார் 2 விழுக்காடு. மேற்கு நாடுகள் தடை போட்டதும் ரஷ்யா தள்ளுபடியில் விற்றது, பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. அரசு நிறுவனங்களும் வாங்கின. ஆனால் பெருமளவில் வாங்கிச் சுத்திகரித்து வெளிநாட்டுக்கும் விற்றவை குஜராத் கடற்கரையில் இருக்கின்றன: ஜாம்நகரில் ரிலையன்ஸ், வாடினாரில் நயாரா. நயாராவில் 49.13 விழுக்காடு பங்கு ரஷ்ய அரசு நிறுவனமான ரோஸ்நெப்டினுடையது. அந்த எண்ணெய் டீசலாகி ஐரோப்பாவுக்கே போனது. சென்னையிலோ பெட்ரோல் விலை 2022 மே மாதத்தில் 102 ரூபாய் 63 காசு, 2025இலும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. தள்ளுபடி எங்கே போனது? அம்பானி பார்ப்பனர் இல்லை, பனியா. நவரோ விலாசத்தைக்கூடச் சரியாக எழுதவில்லை.

தண்டனையை மட்டும் சரியான விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 விழுக்காடு. அதில் பாதி ரஷ்ய எண்ணெய்க்கான தண்டம். இந்தியாவைவிட அதிகமாக அந்த எண்ணெயை வாங்கும் சீனாவுக்கு அப்போது இந்தத் தண்டம் போடப்படவில்லை. ஜாம்நகர் அசையவில்லை. அசைந்தது திருப்பூர். தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 31 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போகிறது, 30 லட்சம் பேரின் வேலை ஆபத்தில் இருக்கிறது என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் அந்த ஆகஸ்டில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏற்றுமதி முதலாளிக்குச் சங்கம் இருக்கிறது, சாதி இருக்கிறது, டெல்லிக்குப் போகத் தெரியும். செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நிற்கும் சேரிப் பெண்ணுக்கு ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகிறது, பிறகு 'திங்கட்கிழமை வந்து பாரு' ஆகிறது.

ஆரணிப் பக்கம் திருமலை எங்கள் ஊர். பட்டுச்சேலை அமெரிக்காவுக்குப் போவதில்லையே, உங்களுக்கென்ன என்று கேட்கலாம். எங்களை இந்தச் சண்டை வேறு வழியாக எட்டியது. 2022இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. டாலரை ஒருநாள் பூட்டிவிடுவார்கள் என்று கண்ட பல நாடுகளின் மத்திய வங்கிகள் தங்கத்தை அள்ளின. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல். விலையேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, இது பெரிய காரணம். போர் தொடங்கியபோது சென்னையில் 38,000 ரூபாயை ஒட்டியிருந்த ஒரு பவுன் 2025 அக்டோபரில் 90,000த்தைத் தாண்டியது. வெள்ளியும் கூடவே ஏறியது. ஜரிகை என்பது வெள்ளி இழைமேல் ஏற்றிய தங்கம்தானே! அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுகிறார். கூலி உயர்வு கேட்டால் 'ஜரிகை விக்கிற விலையில கூலியாப்பா' என்கிறார் முதலாளி. ஒரு பாவு அறுத்துக் கொடுத்து அடுத்த பாவு வாங்க முன்பு இரண்டு நாள், இப்போது இரண்டு வாரம். கடையில் சேலை விலை ஏறியிருக்கிறது. ஏறாத ஒரே விலை கூலி.

இதையெல்லாம் டெல்லி 'தற்சார்பான வெளியுறவுக் கொள்கை' என்கிறது. 2025 ஜூலையில்தான் பிரதமர் கங்கைகொண்ட சோழபுரம் வந்து ராசேந்திரனின் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார். எங்கள் ஊர் மலையிலும் அந்த மன்னனின் கல்வெட்டு உண்டு. கங்கை வரை வென்ற நாடுகளின் பட்டியல் நீள்கிறது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் சமணக் கோயில் விளக்குக்கு ஒரு வணிகரின் மனைவி பணம் கொடுத்த செய்தி வருகிறது. படைச் செலவுக்கு யாரிடம் பிடுங்கினார்கள் என்பது அந்தக் கல்லில் இல்லை.

இன்னொரு வகைத் தோழர்களும் இருக்கிறார்கள். சோவியத் புத்தக வாசனையை மறக்க முடியாதவர்கள், புதினை ஏகாதிபத்திய எதிர்ப்பாளராகக் காண்பவர்கள். பெரியார் 1932இல் சோவியத் நாட்டுக்குப் போனார், உண்மை. ஆனால் படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு, உக்ரைனை உருவாக்கியது லெனின் செய்த தவறு என்று பேசியவர் புதின். அவர் படையில் ஆள்கூட்டும் தரகர்களை நம்பிச் சிக்கிய இந்தியர்கள் 126 பேர், இறந்தவர்கள் 12 பேர் என்று 2025 ஜனவரியில் ஒன்றிய அரசே சொன்னது. அந்நாடு விழுங்கிய நாடுகளை 1954இல் மாநிலங்களவையில் வரிசையாகச் சொன்னவர் அம்பேத்கர். 1951இல் பதவி விலகியபோதும் அவர் பணக் கணக்கைத்தான் எடுத்தார்: 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடி ராணுவத்துக்குப் போனால் மக்களுக்கு மிஞ்சுவது என்ன?

அமெரிக்காவிலும் நம் ஆட்கள் உண்டு. சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்ட முன்வடிவை அவர்கள் போராடி கலிபோர்னியா சட்டமன்றத்தில் நிறைவேற்றவைத்தார்கள்; 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். டிரம்பின் கட்சியோ நியூசமின் கட்சியோ, சாதி என்ற சொல் எண்ணெய்ச் சண்டைக்கு உதவினால் வாயில் வரும், வேலையிடத்தில் நம்மைக் காக்க வேண்டுமென்றால் வராது.

ஏற்றுமதி செய்யும் எரிபொருள் மீது 2022 ஜூலையில் போட்ட திடீர் லாப வரியை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் கைவிட்டது. அதைத் திரும்பப் போடச் சொல்வோம், ஜாம்நகரும் வாடினாரும் கட்டட்டும். அந்தப் பணம் திருப்பூரில் ஷிப்டு இழந்தவர்களின் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும், முதலாளி வழியாக வேண்டாம். ஆரணியில் பாவு இல்லாமல் தறி நிற்கும் வாரங்களுக்கும் அதிலிருந்தே கூலி தரட்டும்.