தேனுக்குப் பின்னால் ஒரு வில்லங்கம்

'மை பிரதர் ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ ஆம்.'

இப்படி எழுதுகிற பிள்ளைகள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. வானம் பார்த்த பூமியான வீரசோழனிலும் உண்டு. வாத்தியார் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'டூ' என்று எழுதுவார். ஏன் 'டூ' என்று பிள்ளை கேட்காது. கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு!"

இதில் பிள்ளைமேல் என்ன தப்பு? 'டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன்' பாடத்தில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். எவரெஸ்ட் உயரமான சிகரம். சென்னை பெரிய நகரம். ராமன் வகுப்பிலேயே உயரமான பையன். எல்லாம் 'இஸ்', 'ஆர்' வாக்கியங்கள். 'நோ அதர்' என்று தொடங்கு, 'தேன் எனி அதர்' என்று மாற்று, மார்க்கை வாங்கு. வினைச்சொல்லே கண்ணில் படாமல் பாடம் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஓட்டத்தையும் பாட்டையும் ஒப்பிடச் சொன்னால், தெரிந்த 'ஆம்'மைத்தானே கொண்டுவந்து ஒட்டுவான்?

எவரெஸ்டை விட்டுவிட்டு வீரசோழன் ஆட்டுச் சந்தைக்குப் போனால் விஷயம் விளங்கும். "இந்தக் கிடா அதைவிடக் கனம்." ஆங்கிலத்தில் 'ஹெவியர் தேன் தட் ஒன் இஸ்'. "இது அதைவிட நல்லாத் தின்னும்." இங்கே 'ஈட்ஸ் பெட்டர் தேன் தட் ஒன் டஸ்'. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் மழை கம்மி." இதற்கு 'இட் ஹேஸ் ரெயின்ட் லெஸ் திஸ் இயர் தேன் இட் டிட் லாஸ்ட் இயர்'. தமிழில் மூன்றுக்கும் ஒரே 'விட'. ஆங்கிலத்தில் மூன்று துணைவினைகள்! கடைசியில் முன்பாதியின் 'ஹேஸ்'கூட பின்பாதிக்கு வரவில்லை. போன வருஷம் முடிந்துபோனதால் 'டிட்'. ஆக, 'முன்னால் இருப்பதை அப்படியே பின்னால் போடு' என்ற டியூஷன் சென்டர் சூத்திரமும் இங்கே பல்லிளிக்கிறது.

காரணம் எளிது. தமிழுக்கு ஒப்பீடு என்பது பெரும்பாலும் வேற்றுமை விவகாரம். ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்றாக ஒப்பையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. இன்று அந்த வேலையை 'விட' பார்க்கிறது. பெயரோடு ஒட்டிக்கொண்டால் போதும், வினை தேவையில்லை. ஆங்கிலத்திலோ 'தேன்'-க்கு (மலைத்தேன் அல்ல!) இரண்டு பக்கமும் இரண்டு வாக்கியங்கள். இரண்டாவதைச் சுருக்கும்போது மிஞ்சுகிற வால்தான் அந்தத் துணைவினை. யார், எப்போது என்பதை அந்த வால்தான் சொல்கிறது.

வால் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பார்கள். 'கிராண்ட்மா லவ்ஸ் த கோட் மோர் தேன் மீ.' பாட்டிக்குப் பேரனைவிட ஆடு உசத்தியா, இல்லை பேரனுக்கு இருப்பதைவிடப் பாட்டிக்கு ஆட்டின்மேல் பாசம் அதிகமா? 'தேன் ஐ டூ' என்று எழுதிவிட்டால் வழக்கு தீர்ந்தது.

இதைச் சொல்லித்தராமல், 'தேன் மீ' தப்பு, 'தேன் ஐ' சரி என்று மல்லுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 1762-ல் இங்கிலாந்தில் இலக்கணம் எழுதிய ராபர்ட் லவுத் பாதிரியார் வைத்த சட்டம் அது. ஷேக்ஸ்பியரே 'மீ' எழுதியிருக்கிறார். லத்தீன் அச்சில் ஆங்கிலத்தை வார்க்கப் பார்த்த காலத்துச் சண்டைக்கு இங்கே எதற்கு மார்க் குறைக்க வேண்டும்? (வீரசோழன் என்றதும் நினைவுக்கு வரும் வீரசோழியமும் வடமொழி அச்சில் தமிழை வார்த்த 11-ஆம் நூற்றாண்டு இலக்கணம்தான். இரவல் அச்சு நமக்கும் புதிதல்ல.)

"கிராமத்துப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பாஸ் பண்ணினால் போதாதா?" என்று கேட்பவர்கள்மேல்தான் உண்மையான கோபம் வர வேண்டும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பட்டணத்துப் பிள்ளைக்கு இந்தப் பாடமே வேண்டாம், காதால் கேட்டே பிடித்துக்கொள்ளும். வகுப்பறையைத் தவிர வேறெங்கும் ஆங்கிலத்தைக் காணாத பிள்ளைக்குத்தான் காரணம் தெரிய வேண்டும். அவனுக்குத்தான் அதை மறைக்கிறார்கள். நாளை சென்னையிலோ கல்ஃபிலோ ஒரு இன்டர்வியூவில் உட்கார்ந்து வாய் திறக்கத் தயங்குகிறவனும் அவன்தான்.

வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. 'விட'-க்கு முன்னால் வினையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "நான் ஓடுவதைவிட" என்றால் 'ஐ டூ'. "போன வருஷம் பெய்ததைவிட" என்றால் 'இட் டிட்'. "அந்தக் கிடா தின்பதைவிட" என்றால் 'டஸ்'. வினையே இல்லாமல் வெறும் கனம், உயரம் என்று நின்றால் 'இஸ்', 'ஆம்'. இதற்குப் புதுப் பாடநூல் வேண்டாம், ஸ்மார்ட் போர்டு வேண்டாம். ஒரு பீரியடும் ஒரு சாக்பீஸும் போதும்.