கண்ணி சிறுத்தால் ஏரி சிறுக்கும்

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இருட்டில் மீன் பிடிக்கப் போகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: எந்த வலை?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்து கிடக்கும் மாதங்களில், சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஏரிக்கரைகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. தெர்மாகோல் பலகைகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், மடித்து வைத்த வலை, தலையில் ஒரு பேட்டரி விளக்கு. இவ்வளவுதான் முதலீடு. தெப்பத்தில் உட்கார்ந்தபடி வலையை விட்டுக்கொண்டே போனால் சற்று நேரத்தில் அது தண்ணீருக்குள் சுவர்போல நிற்கும். விடியும்போது இழுத்தால் கட்லா, ரோகு, ஜிலேபி. வெயில் ஏறுவதற்குள் மீன் விற்றுத் தீர்ந்துவிடும்.

பார்ப்பதற்கு எளிய தொழில். ஆனால் அந்த ஏரியில் அடுத்த ஆண்டு மீன் இருக்குமா என்பது தெப்பத்தில் ஏறுவதற்கு முன்பே, கடையில் வலையைத் தேர்ந்தெடுக்கும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது. பகலில் பிடிப்பவர் குஞ்சு சிக்கினால் பார்த்துத் திருப்பி விடலாம். இரவில் வலை காவலின்றி நிற்கிறது. எது சிக்கியது என்று தெரிவதற்குள் சிக்கியது செத்துவிடுகிறது.

இந்தப் பகுதி வற்றாத ஆறுகளைக் கொண்டதல்ல. சந்திரகிரி, ஸ்ரீகாளஹஸ்தி வழியாகப் போகும் சுவர்ணமுகி ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஊர்களுக்குச் சோறு போடுவது ஏரிகள்தான், தெலுங்கில் செருவு. திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள ராயலசெருவு கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படுகிறது. அவர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் அமைத்த நாகலாபுரத்தில் பெருமாள் இடுப்புக்குக் கீழே மீன் வடிவில் நிற்கிறார். அதே வட்டாரத்தில் ஓடும் ஆரணி ஆறு பிச்சாட்டூரில் நீர்த்தேக்கமாகி, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழகத்துக்குள் வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சூளூர்பேட்டையும் தடாவும் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. மலையடிவாரத்து ஏரியும் கடலோரத்து உப்பங்கழியும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

ஏன் இரவு?

மீனுக்கும் கண் உண்டு. தெளிந்த நீரில் பகல் வெளிச்சத்தில் நைலான் நூல் தெரியும். மீன் விலகிப் போகும். இருட்டில் தெரியாது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் வலை நிறைவதும், நிலா காயும் இரவுகளில் ஏமாற்றம் மிஞ்சுவதும் இதனால்தான். கெளுத்தியும் விலாங்கும் பகலில் சேற்றிலும் பொந்திலும் ஒதுங்கியிருந்து இரவில் இரை தேடுகின்றன. கெளுத்திக்குக் கண்ணைவிட மீசையே பெரிய துணை.

இன்னொரு காரணம் மூச்சு. பகலில் நீர்த்தாவரங்களும் பாசியும் தண்ணீரில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதைச் செலவழிக்கின்றன. விடியலுக்குச் சற்று முன் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் வற்றிய, பாசி படர்ந்த ஏரிகளில் மீன்கள் அந்த நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது வலை வீசினால் அள்ளலாம். ஆனால் அடுத்த மழை வரை ஏரியில் மிஞ்ச வேண்டிய மீன் அதுதான்.

கண்ணியின் கணக்கு

ஏரிகளில் அதிகம் புழங்குவது செவுள் வலை. மீன் தலையை நுழைக்கும்; உடல் நுழையாது; பின்வாங்கினால் செவுள் மாட்டிக்கொள்ளும். சிறியது கண்ணி வழியே தப்பிவிடும். மிகப் பெரியது முட்டித் திரும்பிவிடும். ஆகவே கண்ணியின் அளவே பிடிபடும் மீனின் அளவு. கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பதுதான் சரியான முறை. வலை வாங்கும்போது அளவு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்பது நல்லது. கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து சொன்னால் கணக்கு பாதியாகிவிடும்.

இது ஏன் முக்கியம்? கட்லாவும் ரோகும் மிருகாலும் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடும் ஆற்று மீன்கள். தேங்கிய ஏரி நீரில் அவை தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. 1957 ஜூலை 10ஆம் தேதி கட்டாக்கில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் ஹார்மோன் ஊசி மூலம் இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். நாடெங்கும் ஏரிகளில் ஆண்டுதோறும் விடப்படும் குஞ்சுகள் அந்த வெற்றியின் பலன்தான். விரல் நீளத்தில் விடப்பட்ட குஞ்சை உள்ளங்கை நீளத்தில் பிடித்தால் விட்ட காசு திரும்பாது. அதையே இன்னும் சில மாதம் விட்டுவைத்தால் கிலோ கணக்கில் நிற்கும். நெருங்கிய கண்ணி வலை போடுபவர் திருடுவது பக்கத்து வலைக்காரரிடமிருந்து மட்டுமல்ல. தன்னுடைய அடுத்த ஆண்டிலிருந்தும்தான்.

சிக்கல் ஜிலேபியில் இருக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தத் திலேப்பியா முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். சில வார இடைவெளியில் மறுபடியும் முட்டையிடும். ஏரியில் கூட்டம் பெருகி, வளர்ச்சி குன்றி, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். அதைப் பிடிக்கச் சிறு கண்ணி வேண்டும். சிறு கண்ணியிலோ கட்லாக் குஞ்சும் மாட்டும். அனுபவசாலிகள் கண்டுள்ள வழி, ஜிலேபிக்கு வீச்சு வலை. கரையோர ஆழமில்லாத நீரில் வீசி உடனே இழுப்பதால் வேண்டாத குஞ்சு உயிரோடு திரும்பும். செவுள் வலையில் இரவெல்லாம் தொங்கிய குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வலையின் நூலும் யோசிக்க வேண்டிய விஷயம். தங்கூசி என்று அழைக்கப்படும் ஒற்றை இழை வலை மலிவு, கண்ணுக்குத் தெரியாது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் முள்ளில் மாட்டி அறுந்தால் பழைய பருத்தி வலைபோல மட்கிப் போகாது. யாரும் எடுக்காவிட்டாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். மூச்சு விட மேலே வர வேண்டிய பாலாமை அதில் மாட்டினால் மூழ்கியே சாகும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். பல இழை முறுக்கிய நைலான் வலை விலை கூடுதல். பிடிப்பு சற்றுக் குறைவு. ஆனால் பல காலம் உழைக்கும், கிழிந்தால் தைக்கலாம். எந்த வலையானாலும் நள்ளிரவில் ஒருமுறை பார்த்துவிடுவது மீனுக்கும் நல்லது, விற்பனைக்கும் நல்லது. விடியும் வரை தொங்கிய மீன் ஊறி விலை இழக்கும்.

தூண்டிலும் விளக்கும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிப் பக்கம் வரும் பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தூண்டில் போதும். ஏழெட்டு அடிக் கழி, பத்துக் கிலோ இழுப்பைத் தாங்கும் நரம்பு, நடுத்தர ரீல். முள் வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சாதாரண வரிசையில் எண் கூடக் கூட முள் சிறியது, எண்ணோடு பூஜ்யம் சேர்ந்த வரிசையில் எண் கூடினால் பெரியது. இருட்டில் தக்கை தெரியாது. கழியின் நுனியில் சிறு மணி கட்டினால் காது பார்த்துக்கொள்ளும். கெளுத்திக்கு மண்புழுவும் கோழிக் குடலும் போதும்.

விரால் வேறு ரகம். ஆந்திரத்தில் கொர்ரமீனு என்றால் விலை பேசுவதற்கு முன்பே கூடை காலியாகும். மழைக்காலத்தில் தாயும் தந்தையும் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும். பெற்ற மீனைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை. பகலில் நீர்ப்பரப்பில் அந்தச் சிவப்பு தெரியும், விலகிப் போகலாம். இரவில் தெரியாது. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் இரவில் விராலுக்குத் தூண்டில் போடாமலிருப்பதே நியாயம்.

விளக்கைப் பொறுத்தவரை, கைக்கும் காலுக்கும் தெரியும் அளவு போதும். வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டி அள்ளுவது தனிக்கதை. எல்இடி விளக்கு வைத்துக் கடலில் மீன் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. பரந்த கடலுக்கே தாங்காததைச் சிறு ஏரியில் செய்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

வெடி வைப்பதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். மின்கம்பியிலிருந்து கொக்கி போட்டுத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவது அவற்றைவிடக் கொடியது. அது மீனையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பாடு சொல்லும் பாடம்

வலையைத் தனிமனிதர் விருப்பத்துக்கு விடாமல் ஊரே முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க ஆரணி ஆற்றோடு இறங்கிப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரம் தெற்கே தமிழகத்தில். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றநீரோடு ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்த இறால் இரவில், வற்றுநீர் ஓட்டத்தோடு மறுபடி கடலுக்குக் கிளம்பும். அந்த வழியில் கம்பு நட்டு வலை கட்டுபவருக்கு நல்ல அறுவடை. ஆனால் நல்ல இடங்கள் சில, ஆட்கள் பலர்.

அதற்குத்தான் பாடு முறை. பட்டினவர் சமூகத்தின் சில குப்பங்கள் இந்த இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. இன்று இவருக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை வேறொருவருக்கு. எந்த வலை, எத்தனை பேர், யாருடைய நாள் என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு. முந்திக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லாததால், அள்ளிக்கொள்ள வேண்டிய அவசரமும் குறைகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. பாடு உரிமை பிறப்பால் வருவது. உரிமை இல்லாத சமூகங்கள் அந்த இடங்களில் வலை கட்ட முடியாது. இருளர்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பரியில் சேர்க்கிறார்கள். ஏரிக்குள் மாநில எல்லை எங்கே என்பதில் ஆந்திர, தமிழக மீனவர்களிடையே பலமுறை மோதல் நடந்திருக்கிறது. மணல் மூடும் முகத்துவாரம் இருக்கிற மீனையும் குறைக்கிறது. பங்கு குறையும்போது முதலில் சிறுப்பது வலையின் கண்ணிதான்.

எங்கே போகக் கூடாது

பெரிய ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ குத்தகைதாரருக்கோ உரியது. குஞ்சு வாங்கி விட்டவர்கள் அவர்கள். கேட்காமல் இரவில் தூண்டிலோடு உட்காருபவர் அவர்கள் கண்ணுக்குத் திருடர்தான். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். பொழுதுபோக்குத் தூண்டிலுக்கான இடமல்ல. திருப்பதிக்குக் குடிநீர் தரும் கல்யாணி அணை சேஷாசலக் காடுகளை ஒட்டியது. செம்மரக் கடத்தலுக்காக இரவும் பகலும் காவல் நடக்கும் காடு அது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி அங்கே தமிழகத்துத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. இருட்டில் விளக்கோடு நடமாடப் பொருத்தமான இடம் அதுவல்ல.

மழை நாட்களில் ஏரியும் பாதுகாப்பானதல்ல. 2021 நவம்பர் வெள்ளத்தில் ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு சுற்றியுள்ள ஊர்கள் காலி செய்யப்பட்டன. தெர்மாகோல் தெப்பத்தில் போகிறவர் மிதவைச் சட்டை அணிவதும், கரையில் ஒரு துணை இருப்பதும் கட்டாயம். வலையில் கால் சிக்கினால் நீச்சல் உதவாது.

நெருங்கிய கண்ணி வலை வாங்குபவருக்கு முதல் மாதம் லாபம் கூடும். அகன்ற கண்ணி வாங்குபவருக்கு முதல் மாதம் நஷ்டம் போலத் தோன்றும். அந்த நஷ்டத்தை ஒருவர் மட்டும் ஏற்றால் பயனில்லை. அவர் விட்டதைப் பக்கத்து வலை பிடிக்கும். எனவே கண்ணி அளவை ஏரி நிறைந்ததும், முதல் வலை இறங்குவதற்கு முன், சங்கம் கூடி எல்லோருக்கும் ஒன்றாக முடிவு செய்வதே சரி. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஓர் அளவுகோல் போதும்.