பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது?

கிளினிக் நாளில் உம்மாவுடன் நானும் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவதுண்டு. அவனுடைய நீலநிறப் புத்தகத்தில் மிஸ்ஸி நிறையைப் புள்ளியாகக் குறிப்பார். வரிசையில் நிற்கும் தாய்மார் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றைத்தான்: "பிள்ளைக்கு என்ன சாப்பிடக் குடுக்கிறீங்க?" அந்தப் பிள்ளை நாள் முழுவதும் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தம்பிக்கு மூன்று வயது. சோறு ஊட்டும்போது அவன் முன்னால் போன் இருக்கும். கார்ட்டூன் ஓடும்வரை வாய் திறக்கும். வயிறு நிறைந்ததா என்பது அவனுக்கும் தெரியாது, ஊட்டுகிறவருக்கும் தெரியாது. உம்மாவை நான் குறை சொல்லவில்லை. படிக்கும்போது தொல்லை தராமல் இருக்கட்டும் என்று அவனிடம் போனைக் கொடுப்பது பல வேளை நான்தான்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நாள் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வழிகாட்டல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிட உடலசைவு வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். தூக்கம் 10 முதல் 13 மணித்தியாலம். திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம். நாளுக்கு 24 மணித்தியாலம்தான். போனுக்குக் கூடும் நேரம் விளையாட்டிலோ தூக்கத்திலோதான் குறைகிறது. அசைவும் தூக்கமும் குறைந்த பிள்ளைகளிடம் பருமன் கூடுதலாகக் காணப்படுகிறது.

"லுணுகலையில் ஏது பருமன்? நம் பிள்ளைகள் ஒல்லிதானே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2016 ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. ஆனால் சிறுவயதில் ஊட்டம் குறைந்த பிள்ளைதான், பின்னாளில் இனிப்பும் பொரியலும் உட்கார்ந்த வாழ்க்கையும் சேரும்போது பருமனுக்கும் நீரிழிவுக்கும் இலகுவில் ஆளாகிறது. ஆகவே, ஒல்லிப் பிள்ளையைப் பிஸ்கட்டும் போனும் கொடுத்து உட்கார வைப்பது அதற்குச் செய்யும் உதவியல்ல.

விளையாட இடமில்லை என்பதும் நியாயமே. வீட்டு வாசலைத் தாண்டினால் சரிவு, அதற்கப்பால் வாகனம் ஓடும் பாதை, பாதி வருடம் மழை. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு மைதானம் தேவையில்லை. ஒளித்துப் பிடிக்க ஓர் அறை போதும். பந்து உருட்ட ஒரு விறாந்தை போதும். கூட விளையாட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். பெண்பிள்ளை என்றால் "ஓடாதே, அடக்கமாக இரு" என்று சின்ன வயதிலேயே தடுக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை மறந்துவிடுகிறோம்.

பெற்றோரே, சகோதரிகளே, முதலில் சாப்பாட்டு வேளையில் போனை எடுத்துவிடுவோம். எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டோம். முதல் இரண்டு நாளும் தம்பி அழுதான். மூன்றாம் நாள் பாதிச் சோற்றில் உம்மாவின் கையைத் தள்ளி "போதும்" என்றான். அவன் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.