காணாமற்போன பத்து நாள்கள்

மாணவச் செல்வங்களே, 1582ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் உரோமை நகரில் நிகழ்ந்தது யாது என்று எவரேனும் வினவினால், "ஒன்றும் நிகழவில்லை" என்று துணிந்து எழுதுங்கள். அப்படி ஒரு நாளே அங்கு இருந்ததில்லை. அக்டோபர் 4, வியாழன் இரவு உறங்கச் சென்ற மக்கள் மறுநாள் கண்விழித்தபோது அக்டோபர் 15, வெள்ளி! புனித அவிலா தெரேசா ஸ்பெயின் நாட்டில் உயிர்நீத்ததும் அந்த இரவில்தான். அவரது திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஆண்டுக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று கொண்டது. மெய்யான ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். நீசேயா பொதுச்சங்கம் கூடிய 325ஆம் ஆண்டளவில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த சமஇரவு நாள், 1582இல் மார்ச் 11க்கு வந்துவிட்டது. உயிர்ப்புப் பெருவிழாவைக் கணிப்பது அந்நாளைக் கொண்டே. ஆகவே திருவழிபாட்டுக் காலமே நிலைபெயர்ந்து கொண்டிருந்தது.

பிழையைத் திருத்த வழி கண்டவர் இத்தாலிய மருத்துவர் லூயிஜி லிலியோ. அவர் 1576இல் மறைந்தபின் அவருடைய உடன்பிறந்தவர் அத்திட்டத்தை உரோமையில் ஒப்படைத்தார். இயேசு சபைத் துறவி கிளாவியுஸ் முதலிய அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். சிரியாவிலிருந்து வந்திருந்த முதுபெரும் தந்தை ஒருவரும் அக்குழுவில் இருந்தார். பத்து நாள்களை நீக்குவது ஒருமுறைச் செயல். இனிப் பிழை சேராதிருக்க, நூற்றாண்டு முடிவுகளுள் 400ஆல் வகுபடுபவை மட்டுமே நெட்டாண்டுகள் என்று விதித்தனர். அதனால்தான் 1900இல் பிப்ரவரி 29 இல்லை, 2000இல் இருந்தது.

திருத்தந்தை 13ஆம் கிரகோரியாரின் ஆணையை ஸ்பெயினும் போர்த்துகலும் போலந்தும் உடனே ஏற்றன. இங்கிலாந்து மறுத்தது. முதலாம் எலிசபெத் அரசிக்கு ஆலோசனை கூறிய அறிஞர் ஜான் டீ, கணக்கு சரியானதே, ஏற்கலாம் என்றுதான் 1583இல் எழுதினார். ஆங்கிலிக்கன் ஆயர்கள் தடுத்துவிட்டனர். கதிரவன் எந்தச் சபையையும் சார்ந்தவன் அல்லனே! எனினும் பிரிந்த சகோதரர்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. 1570இல் அதே அரசியைத் திருச்சபைக்குப் புறம்பாக்கி, குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தது உரோமை. அங்கிருந்து வந்த கணக்கைச் சரிபார்க்க யாருக்கு மனம் வரும்? மேலும், ரோஜர் பேக்கன் என்ற பிரான்சிஸ்கத் துறவி 1267ஆம் ஆண்டளவிலேயே இப்பிழையைத் திருத்தந்தைக்கு எழுதியிருந்தார். செவிசாய்க்க நமக்கே முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

இங்கிலாந்து இறங்கி வந்தது 1752இல். அதற்குள் வேறுபாடு 11 நாளாகியிருந்ததால் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆயிற்று. நியூட்டன் 1642 கிறிஸ்மஸ் அன்று பிறந்தார் என்று ஒரு நூலும், 1643 ஜனவரி 4 என்று மற்றொரு நூலும் கூறினால் குழம்பாதீர்கள். இரண்டும் ஒரே நாள். ரஷ்ய அரசு 1918இல்தான் மாறியது. அதனால் 1917இன் "அக்டோபர்ப் புரட்சி" நம் கணக்கில் நவம்பர் 7ஆகிறது.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்றும் பழைய கணக்கின்படி, நமது ஜனவரி 7இல் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. 2100இல் நமக்குப் பிப்ரவரி 29 இராது; பழைய நாள்காட்டியில் இருக்கும். அவர்கள் அதனை அன்றும் விடாதிருந்தால், 2101இல் அவர்களுடைய கிறிஸ்மஸ் நமது ஜனவரி 8இல் வரும்.