காரைக்கால் கடலில் மூழ்கிய கப்பல்

கடல் இல்லாத ஊரில் கஸ்டம்ஸுக்கு என்ன வேலை என்று ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. கொஞ்சநஞ்ச வேலையில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கன்டெய்னர் முனையம் இருக்கிறது. மன்னூரில் வரி கட்டாத சரக்கை வைத்திருக்கும் கிடங்கு மண்டலம் இருக்கிறது. ஒரகடத்து ஆலைகளில் ஏற்றுமதிச் சரக்கு ஏற்றி முடிந்ததும் கன்டெய்னர் கதவைச் சாத்தி, விரல் பருமனுள்ள இரும்பு ஆணியைத் தாழ்ப்பாள் துளையில் செருகி, கீழிருந்து அதன் பூட்டுக் குமிழை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார்கள். டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் கட்டர் போட்டு வெட்டினால்தான் உண்டு. சீல் நம்பரை செல்போனில் படம் பிடித்துக்கொண்ட பிறகே டிரெய்லர் நகரும். 2017 முதல் இந்த சீலுக்குள் சிப்பும் வந்துவிட்டது. அதற்கு முன் பல ஆலைகளில் அதிகாரி நேரில் வந்து நிற்க வேண்டியிருந்தது. ஏற்றிய வண்டியை வைத்துக்கொண்டு அவருக்காக வாசலைப் பார்த்திருந்த சாயங்காலங்களை டெஸ்பாட்ச் ஆட்கள் இன்னும் மறக்கவில்லை.

சீல் வைப்பது நமக்குப் புதிதல்ல. பூம்புகார்த் துறையில் சோழனின் அதிகாரிகள் சரக்குக்குப் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பேர் வாங்கினான். வரியை நீக்கியதற்காகப் பட்டம் பெறுவது எளிதில் வாய்ப்பதில்லை, நிதியமைச்சர்கள் யோசிக்கலாம்.

அதெல்லாம் கரையில் வாங்கிய சுங்கம். நடுக்கடலில் கப்பலை மறித்துச் சீட்டு கேட்பதை நம் பக்கத்தில் ஒரு நிர்வாகமாகவே நடத்தியவர்கள் போர்ச்சுகீசியர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார்கள்; கர்த்தாஸ் என்று பெயர். கப்பல் யாருடையது, எவ்வளவு பெரியது, எங்கே போகிறது, என்ன ஆயுதம் வைத்திருக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டின் விலை அற்பம். ஆனால் அதை வாங்கியவன் போர்ச்சுகீசியர் துறைமுகத்துக்குப் போய்ச் சுங்கம் கட்ட வேண்டும், சம்பாத்தியம் அங்கேதான். சீட்டில்லாத கப்பலைச் சரக்கோடு பிடித்துக்கொள்வார்கள். இதற்கென்றே துடுப்பும் பாயும் கொண்ட சின்னச் சின்ன ரோந்துக் கப்பல்கள் கரையோரம் சுற்றிவந்தன.

சீட்டு இருந்தால் மட்டும் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 1613இல் சூரத் பக்கத்தில் ‘ரஹீமி’ என்ற கப்பலைப் பிடித்தார்கள். கையில் கர்த்தாஸ் இருந்தது. கப்பலுக்குச் சொந்தக்காரி பேரரசர் ஜஹாங்கீரின் தாய். அரசரின் அம்மாவுக்கே இந்தக் கதி என்றால் நாகப்பட்டினத்து வியாபாரியின் தோணி எம்மாத்திரம்?

இந்தக் கடலுக்குத்தான் 1618இல் டென்மார்க்கிலிருந்து ஒரு சிறிய கப்பல் புறப்பட்டது. பெயர் ஓரசுண்ட். பின்னால் வரப்போகும் பெரிய கப்பல்களுக்கு வழி பார்க்க முன்கூட்டி அனுப்பப்பட்டது. தலைமை ஏற்றிருந்த ரோலண்ட் கிராப்பே டச்சுக்காரர். டென்மார்க்கிடம் வேலை பார்த்தார். இலங்கையைத் தொட்டு, சோழமண்டலக் கரைக்கு வந்து வியாபாரம் செய்துகொண்டிருந்த அந்தக் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். பெரும்பாலானோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். இருவருடைய தலையை வெட்டிக் கடற்கரையில் கழியில் குத்தி வைத்தார்கள், இனி வரும் டேனிஷ்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கர்த்தாஸ் வைத்திருந்தாலும் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. வியாபாரிக்குச் சீட்டு, போட்டிக்காரனுக்குப் பீரங்கி. அதுதான் அன்றைய சட்டம்.

அந்தக் கப்பலுக்கு வைத்த பெயர்தான் வேடிக்கை. ஓரசுண்ட் என்பது டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவிலுள்ள ஜலசந்தி. பால்டிக் கடலுக்குள் போகவர முக்கியமான வாசல் அது. 1429 முதல் அந்த வழியாகப் போன கப்பல்களை ஹெல்சிங்கோரில் நிறுத்தி டேனிஷ் மன்னர் சுங்கம் வாங்கினார். நிற்காத கப்பலைக் கவனித்துக்கொள்ளக் கரையில் கோட்டையும் பீரங்கியும் இருந்தன. ஆக, வடக்கே ஒரு கடலுக்கு டோல்கேட் போட்டிருந்த ராஜாவின் கப்பல், தெற்கே இன்னொருவர் போட்ட டோல்கேட்டில் மாட்டிக்கொண்டது.

அந்த மன்னர்கள் 16ஆம் நூற்றாண்டில் செய்த ஒரு தந்திரத்தை மட்டும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. சரக்கின் மதிப்பில் ஒரு பங்கு வரி. மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். யாரும் மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். ஆனால் சொன்ன விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போச்சு, கூட்டிச் சொன்னால் வரி போச்சு. இன்று இன்வாய்ஸில் விலையைக் குறைத்துக் காட்டியதாகக் கிளம்பும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. நோட்டீஸ், பதில், விசாரணை, அப்பீல், தீர்ப்பாயம். ஹெல்சிங்கோரில் ஒரு கேள்வியில் முடித்திருக்கிறார்கள்.

கிராப்பே கதைக்கு வருகிறேன். அவரும் இன்னும் சிலரும் தப்பிக் கரையேறினார்கள். அவர்களைத் தஞ்சை நாயக்கரிடம் கொண்டுபோனார்கள். ரகுநாத நாயக்கருக்குப் போர்ச்சுகீசியரைத் தவிர இன்னொரு கூட்டாளி கிடைத்தால் லாபம். தூக்கில் போடவில்லை, பேசினார். பின்னால் பெரிய கப்பல்களோடு வந்துசேர்ந்த தளபதி ஓவே கெட்டேவுக்கு அப்போது வயது இருபத்தைந்துதான். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. தரங்கம்பாடி டேனிஷ்காரர் கைக்கு வந்து கோட்டையும் எழுந்தது. பிற்பாடு அங்கே கவர்னராக உட்கார்ந்தவர்களில் கிராப்பேயும் ஒருவர். எந்தக் கடலில் கப்பலைப் பறிகொடுத்தாரோ, அதே கடலைப் பார்த்தபடி அலுவலகம்.

நம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இன்றைக்கும் டென்மார்க் ஓடுகிறது. வெளிர்நீலத்தில் வெள்ளை நட்சத்திரம் போட்ட, டேனிஷ் கம்பெனி மெர்ஸ்க்கின் பெட்டிகளைப் பார்க்காமல் ஒரகடம் மேம்பாலத்தைத் தாண்ட முடியாது. அவற்றை யாரும் பீரங்கி வைத்து மறிப்பதில்லை. ஷிப்பிங் பில்லில் ஒரு எண் தப்பினால் போதும், தானாக நின்றுவிடும்.

அந்த நாளில் மறித்த ரோந்துக் கப்பல் எப்போதும் ஜெயித்ததும் இல்லை. 1772 ஜூனில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பக்கத்தில் ‘காஸ்பி’ என்ற ஆங்கிலேயச் சுங்க ரோந்துக் கப்பல், ஒரு சிறு கப்பலைத் துரத்தப்போய்த் தரை தட்டி நின்றது. ஊர் வியாபாரிகள் ராத்திரியில் படகில் போனார்கள். கேப்டனைச் சுட்டுக் காயப்படுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, விடிவதற்குள் கப்பலைக் கொளுத்தினார்கள். ஊருக்கே தெரிந்த காரியம். விசாரணைக் குழு வந்தது; ஒருவரையும் தண்டிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டுதான் பாஸ்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்.

டேனிஷ்காரர்கள் 1845இல் தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1857இல், ஓரசுண்ட் சுங்கமும் ஒழிந்தது. இனிமேல் கட்ட மாட்டோம் என்று அடம் பிடித்து அதற்கு வழி செய்ததும் அமெரிக்காதான். கப்பல் விடும் நாடுகளெல்லாம் சேர்ந்து டென்மார்க்குக்கு மொத்தமாக நஷ்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்தன. அமெரிக்காவும் தன் பங்கைக் கட்டித்தான் தீர்த்தது.