பிடிஎஃப் போட்டாச்சு, யாருக்கு?

“பிடிஎஃப் போட்டாச்சு, வாசிங்க.” பதுளையிலும் பண்டாரவளையிலும் நம்ம இளைஞர் வட்டங்கள் ஒரு அறிக்கையோ மலரோ வெளியிட்டால் வேலை அதோட முடிஞ்சுது. யார் வாசிக்கிறது, எதில் வாசிக்கிறது என்று கேட்பாரில்லை.

பசறையிலோ லுணுகலையிலோ லயத்தில் இருக்கிறவர் கையில் ஃபோன்தான் இருக்கு. ஏ4 பக்கத்தை அதில் பெரிசாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமா இழுக்கணும். நாலாம் பக்கத்தில் மூடிவிடுவார். அப்புறம் ‘சனம் வாசிக்கிறதில்ல’ என்று நாமே கட்டுரை எழுதுவோம்.

பாமினியில் தட்டச்சு செய்திருந்தால் இன்னும் மோசம். அதில் நம்ம கண்ணுக்கு ‘அ’, கணினிக்கு ஆங்கில ‘எம்’. தேடினால் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலி உளறும். யூனிகோட் பிடிஎஃப்பிலும், நகலெடுத்தால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறி வருவதுண்டு.

‘அச்சகம் பிடிஎஃப் தானே கேட்குது?’ கொடுங்க, அது அச்சகத்துக்கு. வாசகருக்கு வேறு வடிவம் வேணும். அதுக்காக இரண்டு தடவை தட்டச்சு செய்யத் தேவையில்லை. லேடெக் போன்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் மூலம் ஒன்று, வெளியீடு பல. சீலேடெக் யூனிகோட் தமிழை அச்சுக்கான பிடிஎஃப் ஆக்கும். பேண்டொக் அதே மூலத்தை ஃபோன் திரைக்கு ஏற்ப மடங்கும் இபப் ஆகவோ இணையப் பக்கமாகவோ மாற்றும். இரண்டுமே இலவசம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் ஒரே நூலை இபப், ஏ4 பிடிஎஃப், சின்னத் திரைக்கான 6 அங்குலப் பிடிஎஃப் என்று தருகிறார்கள். நமக்கு மட்டும் என்ன தடை?

ஆனா மூலத்தை ஒழுங்கா எழுதணும். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தலைப்பு என்றே குறிங்க. ‘12ஆம் பக்கம் பார்க்க’ என்று கையால் எழுதாதீங்க. இபப்பில் அந்த 12ஆம் பக்கமே இருக்காது. பகுதிக்குப் பெயர் வைத்து அதைச் சுட்டுங்க. பக்க அளவு, ஓரம் எல்லாம் உரைக்குள் வேண்டாம், அச்சுக்கான தனி வார்ப்புருவில் இருக்கட்டும்.

இது அழகு பார்க்கிற விஷயமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போன மாவட்டம் இது. மண்சரிவு, சம்பளம், காணி பற்றி எழுதுறோம் என்றால், அது அந்த லயத்து ஃபோனில் திறக்கணும், தேடினா கிடைக்கணும், காதாலும் கேட்க முடியணும். அடுத்த வெளியீட்டோட இபப்பும் வரட்டும். அதுவரைக்கும் ‘மக்களுக்காக’ என்று அட்டையில் போடாதீங்க.