கணக்கர் உத்தியோகமும் அம்பத்தூர்ப் பட்டறைகளும்

ஆண்டுதோறும் கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகத் திருநின்றவூர் வரையிலும், தெற்கே பூந்தமல்லி வரையிலும் உள்ள எத்தனையோ வீடுகளில், பி.காம். முடித்த பிள்ளையைச் சூழ்ந்துகொண்டு பெரியவர்கள் வழங்குகிற ஆலோசனை பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடுகிறது. எப்படியாவது சி.ஏ. பாஸ் செய்துவிடு என்பது ஒன்று. அது கைகூடாவிட்டால், அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிதாக எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஏதாவதொன்றில், அயல்நாட்டுக் கம்பெனிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்துவிடு என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுபவையே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்குத் தொழிலை அடிமுதல் நுனிவரை கற்றுக்கொள்வதற்கு ஏற்ற பாடசாலையொன்று இவர்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே இருக்கையில், அதைப்பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லையே என்பதுதான் என் குறை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளைத்தான் சொல்கிறேன்.

சரித்திரம் இவ்விஷயத்தில் அனுகூலமாகவே அமைந்திருக்கிறது. ஆடிட்டர் தொழிலுக்குச் சுதந்திர இந்தியாவில் சட்டபூர்வமான அந்தஸ்தைத் தந்த சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் பிறந்த 1949-ஆம் ஆண்டில்தான் இப்பகுதியின் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியும் பிறந்தது. உற்பத்திச் செலவைக் கணக்கிடுவதையே ஒரு தனித் தொழிலாக அங்கீகரித்த காஸ்ட் அண்ட் ஒர்க்ஸ் அக்கவுண்டன்ட்ஸ் சட்டம் 1959-இல் நிறைவேறியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. இப்படிச் சட்டமும் இயந்திரமும் கூடவே வந்து இறங்கிய ஒரு பிரதேசத்தில், கணக்கரும் பட்டறையும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடைமுறையில் அப்படி நேரவில்லை. பட்டறையில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே பத்தடி தூரந்தான் என்றாலும், அந்தப் பத்தடியைக் கடந்து உள்ளே போய்ப் பார்த்த கணக்கர்கள் சொற்பம்.

இதில் கணக்கர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. எஸ்டேட்டில் ‘அக்கவுண்ட்ஸ் பையன்’ என்றோ ‘அக்கவுண்ட்ஸ் மேடம்’ என்றோ அழைக்கப்படுகிற அந்த ஒருவருடைய மாதத்தைச் சற்றுக் கவனியுங்கள். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும், 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலாக வேண்டும். 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் போக வேண்டும்; 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி. மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கே சமர்ப்பணமாகிவிட்ட பிறகு, மிச்சமுள்ள பத்து நாளில் சம்பளப் பட்டியல், பாங்குக் கணக்கு ஒப்பிடுதல், பாக்கி வசூலுக்குப் போன் செய்தல், முதலாளியின் வீட்டு மின்சாரக் கட்டணம் கட்டுதல் ஆகிய சகலமும் அவர் தலையிலேயே விழுகின்றன. இத்தனைக்கும் இடையே பட்டறைக்குள் போய் என்ன நடக்கிறதென்று பார் என்று அவரிடம் சொல்வார் யார்? முதலாளியே அவரை வரிக்காக வைத்துக்கொண்ட ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய மேஜைமேல் கம்பியில் குத்தி வைத்திருக்கும் டெலிவரி சலான்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் என் கருத்து விளங்கும். ஓரத்தில் ஆயில் கறை. அச்சடித்த கட்டத்துக்குள் 100 என்ற எண்ணிக்கை. அதற்குக் கீழே சூப்பர்வைசர் பென்சிலால் கிறுக்கிய ‘4 ரிஜெக்ட்’ என்ற குறிப்பு. டாலியில் 100 ஏறும். பில்லும் 100-க்கே போடப்படும். பிறகு ஒருநாள் வாடிக்கையாளரிடமிருந்து அந்த நாலு பீஸுக்கும், அவற்றில் வீணாய்ப்போன இரும்புக்கும் சேர்த்து ஒரு டெபிட் நோட் வந்து சேரும்போது, ஏன் வந்தது, எந்த மெஷினில் நேர்ந்தது, போன மாதமும் இதே பீஸில்தான் நேர்ந்ததா என்று கேட்பார் ஒருவருமின்றி, அதுவும் டாலியில் ஏறி அடங்கிவிடும். பென்சில் குறிப்பைப் படிக்கிற கணக்கரும் படிக்காத கணக்கரும் ஒரே சம்பளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அப்படி இருக்க மாட்டார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய்க்குக் கடனில் ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கியிருக்கிறார் ஒரு முதலாளி. அதன் ஆயுள் பத்து வருஷம் என்று கொண்டால், தேய்மானம் மட்டும் மாதம் 25,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து என்றால், முதல் வருஷத்தில் அதுவும் மாதம் 25,000. ஓட்டுகிறவருக்குச் சம்பளம் 20,000. ஆக 70,000 ரூபாயை, ஒரு ஷிப்டுக்கு மாதம் 200 மணி நேரத்தால் வகுத்தால், மெஷின் ஒரு மணி நேரம் ஓட 350 ரூபாய் ஆகிறது. ஆறு நிமிஷம் பிடிக்கும் ஒரு பீஸுக்கு 35 ரூபாய். நூறு பீஸ் கொண்ட ஆர்டருக்காக மெஷினை ‘செட்டிங்’ செய்ய இரண்டு மணி நேரம் போனால், பீஸுக்கு மேற்கொண்டு 7 ரூபாய், ஆகவே 42. நாலு பீஸ் ரிஜெக்ட் ஆனால் மிஞ்சிய 96 பீஸின் தலையில் அது ஏறி, ஏறத்தாழ 44. மின்சாரம், டூல், வாடகை, முதலாளியின் சொந்த உழைப்பு ஆகியவை இன்னும் கணக்கிலேயே வரவில்லை. இந்நிலையில், அடுத்த தெருக்காரர் 40 ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக இவரும் 40-க்குக் கொட்டேஷன் போட்டு, ஆர்டர் கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்பட்டு, ஓட்ட ஓட்ட நஷ்டத்தைப் பெருக்கிக்கொள்கிறார். மெஷின் பாதி மாதம் சும்மா நின்றுவிட்டாலோ, அந்த 350 என்பது 700 ஆகிவிடும்.

இந்தக் கணக்கில் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கணிதம் ஒன்றுமில்லை. ஆயினும் பல பட்டறைகளில் இது போடப்படாமலிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தேய்மானம் என்பது வருஷத்துக்கொருமுறை ஆடிட்டர் வந்து, வருமான வரிச் சட்டம் சாதாரண இயந்திரங்களுக்கு அனுமதிக்கும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் போட்டுவிட்டுப் போகிற ஒரு வரிச் சலுகை என்பதே அங்கெல்லாம் நிலவுகிற அபிப்பிராயம். இயந்திரம் நிஜமாகவே தேய்ந்துகொண்டிருக்கிறது, அந்தத் தேய்மானத்தை இன்று செய்த பீஸின் விலையிலேயே வசூலித்தாக வேண்டும் என்ற உணர்வு, பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலும் கல்லூரியில் காஸ்ட் அக்கவுண்டிங்கும் படித்துவிட்டு வந்த கணக்கருக்கு உண்டு. ஆனால் அவரை ஒருவரும் கேட்பதில்லை. முதலாளிக்கு மெஷின் தெரியும், கணக்குத் தெரியாது. கணக்கருக்குக் கணக்குத் தெரியும், மெஷின் தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளும் சேர்ந்து போட்ட கொட்டேஷன்தான் அந்த 40 ரூபாய்.

பட்டறைக்கு உபயோகமான சட்ட ஞானமும் இதே கதியில்தான் இருக்கிறது. சிறு, குறு உற்பத்தியாளருக்குச் சேர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் வாங்கியவர் கொடுத்துவிட வேண்டும் என்றும், தவறினால் பாங்கு வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி கொடுக்க வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைப் பணம் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டமும் கையைப் பிடிக்கிறது. பெரிய கம்பெனியின் கணக்கர் இதை அறிவார்; அறிய வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது. பணம் வர வேண்டிய பட்டறையின் கணக்கரோ, மூன்று மாதப் பாக்கிக்காகக் கெஞ்சிப் போன் செய்துகொண்டிருக்கிறார். வட்டி கேட்டுக் கடிதம் எழுதினால் ஆர்டர் போய்விடும் என்ற முதலாளியின் பயம் நியாயமானதே. ஆனாலும், மார்ச் மாதம் பிறப்பதற்கு முன்பே மரியாதையான ஒரு நினைவூட்டல், தேதிகளோடும் உத்யம் என்னும் சிறுதொழில் பதிவின் எண்ணோடும் போய்ச் சேர்ந்தால், வாங்குகிறவரின் சொந்த வரி லாபமே அவரைக் கொடுக்கச் செய்யும். இப்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவர் தம்முடைய சம்பள உயர்வைத் தாமே எழுதிக்கொண்டவர் ஆகிறார்.

சி.ஏ. படிப்பை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இந்தியாவிலேயே முதல் பெண் ஆடிட்டர் என்ற பெருமைக்குரிய ஆர். சிவபோகம் அம்மையார் நம் சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமோவில் தேறி, சிறை சென்றவர்களைப் பதிவு செய்யத் தடையாயிருந்த சட்டத்தை வழக்காடி வென்று, 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, 1955 முதல் 1958 வரை சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைமை வகித்தவர். அந்தத் தலைமுறையினர் ஒரு மூத்த ஆடிட்டரிடம் பயிற்சிக்கிருந்து, கூடவே இருந்து, பார்த்துக் கற்றவர்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்த நகரத்தாரும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவரைப் படிப்படியாக அடுத்தாளாக்கி, மேலாளாக்கித்தான் ஆளாக்கினார்கள். இன்றைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற அந்தப் பயிற்சி இரண்டு வருஷமாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு வருஷத்தையும் பரீட்சைக்குப் படிக்க லீவு கிடைக்கும் ஆபீஸ் எது என்று விசாரித்தே கழிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், பாங்குக்கும் வரி ஆபீசுக்கும் ஓடவைத்தே அதைக் கழிக்கச் செய்கிற ஆடிட்டர்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பட்டறைகளைக் கட்சிக்காரர்களாகக் கொண்ட ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீசில், வவுச்சரிலிருந்து ஐந்தொகை வரை ஒரே கணக்கை ஒரே ஆள் பார்க்க வாய்ப்புண்டு. பெயர்பெற்ற பெரிய ஆபீசில் அது அரிது. பரீட்சையில் தோற்றுத் தோற்று, வேலைக்கும் போகாமல், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வருஷங்களைப் போக்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பரீட்சை ஒருபக்கம் நடக்கட்டும், வேலைக்குப் போங்கள்.

கண்ணாடிக் கட்டட வேலையையும் இகழ மனம் வரவில்லை. தேதி தவறாமல் சம்பளம், இரவு ஷிப்டுக்கு வண்டி, குடும்பத்துக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றையும் ஒருங்கே தர எஸ்டேட்டின் எத்தனை பட்டறைகளால் முடியும்? கல்விக் கடன் தலைமேல் நிற்கும் ஒரு பெண் அங்கே போவதைத் தடுக்க எவருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் அங்கே அவள் பார்ப்பது ஒரு பெரிய கணக்கின் ஒரே ஒரு பத்தி. பர்ச்சேஸ் ஆர்டரும் பில்லும் சரக்கு வந்த ரசீதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே ஐந்து வருஷ அனுபவமாகிவிட்டால், ஆறாவது வருஷத்தில் அதே காரியத்தைக் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கும்போது, கையில் என்ன மிஞ்சும்? உள்ளூர் ஜி.எஸ்.டி.யிலும் இதே மாறுதல் வந்துகொண்டுதான் இருக்கிறது; ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயமானபின், பில் போட்டவுடனேயே பாதிக் கணக்குத் தானே நிரம்பிவிடுகிறது. பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது நல்ல காலமல்ல.

காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு இந்தப் பிரதேசத்துக்கென்றே வகுத்தது போலிருக்கிறது; ஆயினும் இங்குள்ள வீடுகளில் அதன் பெயரையே சி.ஏ.வுக்கு அடுத்தபடியாக, ஒருவித ஆறுதல் பரிசைப்போல உச்சரிக்கிறார்கள். 2021 அக்டோபர் 1-இல், படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனக் கம்பெனியொன்றின் கீழ் வந்தன. சர்க்கார் இலாகாவாக இருந்தவரையில் பட்ஜெட்டில் ஒதுக்கியதைச் செலவிட்டால் போதுமாயிருந்த இடத்தில், இனி லாபநஷ்டம் காட்ட வேண்டும்; ஒரு டாங்கியின் அடக்கவிலை என்ன என்று சொல்ல வேண்டும். அதற்கு உதிரிபாகம் செய்து தருகிற சிறு பட்டறைகளும் தங்கள் அடக்கவிலையை அறிந்தாலொழியப் பேரம் பேச முடியாது. இந்த வேலைக்கு ஆள் வெளியூரிலிருந்தா வர வேண்டும்?

ஆகையால், பி.காம். முடித்த தம்பி தங்கையரே, முதல் இன்டர்வியூவில் சம்பளத்தைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்ட கையோடு, பட்டறைக்குள் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். முதலாளிமார்களே, 40 ரூபாய்க் கொட்டேஷனை 46 ஆக்கித் தரக்கூடிய ஒருவருக்கு, லேத் ஓட்டுபவரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்து, வருஷத்துக்கொரு ஆளை மாற்றிக்கொண்டிருப்பது சிக்கனமாகாது. ஒரு வார்த்தை கல்லூரி வணிகவியல் துறைகளுக்கு: பட்டாபிராம் இந்துக் கல்லூரிக்கு ஒரு ரயில் நிலையமே இருக்கிறது, அங்கே ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்துவிடலாம். மூன்றாமாண்டு மாணவர்களை ஒரு பருவம் முழுவதும் வாரத்தில் ஒருநாள் அங்கே அனுப்பி, ஒவ்வொருவரும் ஒரு மெஷினின் மணிக்கணக்கு விலையைப் போட்டு எழுதி வரச் செய்யுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்; பட்டறைக்காரர் சம்மதமும் ஒரு சீசன் டிக்கெட்டும் போதும்.